சீனி இல்லாத ஆரஞ்சு பவுடர்

என் மகளுக்குச் சர்க்கரை ஆகாது என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் நடந்த அத்தனைக்கும் காரணம், இந்த ஒரு விஷயத்தை அவளுடைய அப்பா எட்டு வருடமாகக் காதில் வாங்காததுதான்.

அவளுக்கு ஆகாதது புரதம். புரதத்தில் இருக்கும் ஃபினைல்அலனின் என்ற பொருளை அவள் உடம்பால் உடைக்க முடியாது. அது ரத்தத்தில் சேர்ந்தால் மூளையைக் கெடுக்கும். பிறந்த நாலாம் மாதம் சென்னையில் கண்டுபிடித்தார்கள். பால், தயிர், முட்டை, மீன், பருப்பு எதுவும் கூடாது. சோறுகூடத் தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும். அவளுக்கென்று ஒரு மருந்துமாவு சென்னையிலிருந்து பார்சலில் வரும். பழம், ஜவ்வரிசிக் கஞ்சி, நெய், சீனி இவையெல்லாம் சாப்பிடலாம். மீனில்லாமல் அடுப்பு பற்றாத இந்தத் தீவில், என் பிள்ளை வாழைப்பழமும் சீனியும் தின்று வளர்ந்தாள். நன்றாகவே வளர்ந்தாள். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிப்பதில் அவள்தான் முதல்.

மாதம் ஒரு தடவை அவள் விரலில் குத்தி, தடித்த அட்டையில் ரத்தச் சொட்டுகளை விட்டு, காயவைத்துச் சென்னைக்கு அனுப்புவேன். டாக்டர் போனில் அளவைச் சொல்வார். போன வருடம் மழை தொடங்கிய சமயம் அந்த அளவு ஏறியது. அடுத்த மாதம் இன்னும் ஏறியது. பிள்ளைக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது. எழுதிக்கொண்டே இருப்பாள், பாதியில் பென்சிலை வைத்துவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார்.

மூன்றாவது மாதம் டாக்டரின் குரல் மாறிவிட்டது.

"அம்மா, யாரோ ஏதோ குடுக்குறீங்க. மறைக்காம சொல்லுங்க."

"சத்தியமா இல்ல டாக்டர். எல்லாத்தையும் நிறுத்துத்தான் போடுறேன்."

"அப்ப பாப்பா திருடித் திங்கிறாளா இருக்கும். கவனிங்க. இல்ல, நீங்க பொய் சொல்றீங்க. ரெண்டுல ஒண்ணுதான்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கேட்டார். போனை வைத்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "சமைக்கிறது நீதான?"

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை எழுதவே கை கூசுகிறது. அவள் சோற்றைப் பாதியாக்கினேன். பசிக்குதும்மா என்பாள், தண்ணீரைக் குடி என்பேன். தினமும் பள்ளிக்கூடப் பையைக் கொட்டித் தேடினேன். பக்கத்து வீட்டு வங்காளி அக்கா, நாங்கள் தீதி என்று கூப்பிடுபவர், பிறந்த நாளிலிருந்து இவளைத் தூக்கி வளர்த்தவர். அவர் வாசலில் போய் நின்று, "தீதி, மேரி பேட்டிகோ மச்சி தியா க்யா?" என் மகளுக்கு மீன் கொடுத்தீர்களா என்று கேட்டேன். அவர் கையில் அரிவாள்மணையில் பாதி அரிந்த மீன் இருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஹம் தேகா? ஹம்?" என்றார். நானா கொடுப்பேன் என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு நாள் பிள்ளையின் சட்டையில் மீன் வாடை அடிப்பதாக எனக்குத் தோன்றியது. அடித்துவிட்டேன். ஒரு தடவை இல்லை. "நான் திங்கலம்மா, சாமி சத்தியமா திங்கலம்மா" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு கத்தினாள். நான் நம்பவில்லை.

ஆறு மாதம் இப்படியே போனது.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஒரு அலுவலகத்தில் எழுத்தர். எங்கள் வீடு இருக்கும் புரோத்ராபூரிலிருந்து போய் வருகிறார். அவருக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று போன வருடம் மழைக்குச் சற்று முன் சொன்னதிலிருந்து டீயை விட்டுவிட்டு, சுகர் ஃப்ரீ ஆரஞ்சு பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பார். அந்த டப்பா தீர்ந்துபோனதால் ஒரு சனிக்கிழமை என்னை பஜாருக்கு அனுப்பினார். கப்பல் வரவில்லை, அந்தக் கம்பெனி டப்பா இல்லை.

"யே லேலோ மேடம், சேம் சேம்" என்று கடைக்காரர் வேறொரு டப்பாவைக் கொடுத்தார்.

சேம்தானா என்று திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கீழே, எறும்பு வரிசை மாதிரி எழுத்து. செயற்கை இனிப்பு சேர்த்தது, குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதற்கும் கீழே, ஃபினைல்கீட்டோன்யூரியா உள்ளவர்களுக்கு ஆகாது என்று இருந்தது.

எட்டு வருடமாக ஒவ்வொரு ரத்த அட்டையிலும் நான் என் கையால் எழுதும் வார்த்தை அது. என் மகளின் நோயின் பெயர்.

டப்பாவைக் கடையிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே காட்சிதான் கண்ணில் நின்றது. ஐந்தரை மணிக்கு அவர் வேலை விட்டு வருவார். கொல்லைப் படியில் உட்காருவார். பிள்ளை ஓடிப்போய் ஒட்டி உட்காருவாள். இரண்டு பேர் கையிலும் ஆரஞ்சு தம்ளர். தினமும் என் கண் முன்னால்தான் நடந்தது. தண்ணீர்தானே, கலர்தானே என்று நானும் விட்டிருந்தேன். டயட் கூல்டிரிங்க்ஸ் கூடாது என்று டாக்டர் எப்போதோ சொன்னபோது, கறுப்பாகப் பொங்கும் பாட்டிலைத்தான் நினைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்து காலி டப்பாவை எடுத்தேன். பின்பக்கத்தில் கடை விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில் அதே எழுத்து.

"பாப்பாவுக்கு இதத் தினம் எவ்வளவு குடுத்தீங்க?"

"ஒரு தம்ளர். கேட்டா ரெண்டு. ஏன்?"

"இது அவளுக்கு விஷம்ங்க. இந்த இனிப்புலயும் அதே ஃபினைல்அலனின்தான் இருக்கு."

"என்ன பேச்சுப் பேசுற? சீனியே இல்லாததத்தான குடுத்தேன். நோயாளிக்கு நல்லதுன்னுதான போட்டுருக்கான்."

"அவளுக்குச் சீனி ஆகாதுன்னு யாருங்க சொன்னா? யாரு? ஒரு ஆளச் சொல்லுங்க!"

சென்னை ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கேட்டது நான், எழுதிக்கொண்டது நான். நோய் என்றால் சீனிதான் எதிரி என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். "பிள்ளைக்கு என்கூடச் சேந்து குடிக்க அது ஒண்ணுதான இருந்துச்சு" என்று கடைசியில் முனகினார். அதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. டப்பாவைச் சுவரில் எறிந்தேன். "சமைக்கிறது நீதானன்னு கேட்டீங்களே" என்று கத்தினேன். தீதி வீட்டு ஜன்னல் திறந்தது, மூடியது.

மற்றவர்களுக்கு இந்த இனிப்பு கெடுதலா இல்லையா என்று எனக்குத் தெரியாது. டெலானிபூர் குவார்ட்டர்ஸில் இருக்கும் என் நாத்தனார் வருடக்கணக்காகக் குடிக்கிறார், நன்றாக நடமாடுகிறார். ஒருவர் கெடுதல் என்கிறார், ஒருவர் அளவோடு என்றால் சரி என்கிறார். அவர்கள் சண்டையை அவர்களே போட்டுக்கொள்ளட்டும். என் ஆத்திரம் வேறு. டப்பாவின் முன்பக்கம் 'சுகர் ஃப்ரீ' என்று கட்டைவிரல் பருமனில் எழுதத் தெரிந்தவனுக்குப் பின்பக்கம் மட்டும் இடம் போதவில்லையா? சீட்டு ஒட்ட கடைக்காரருக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? என்னைப் பொய்க்காரி என்ற டாக்டருக்கு, வீட்டில் என்ன குடிக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்க அரை நிமிடம் இல்லையா? எனக்குத்தான் என்ன கேடு வந்தது, அந்த டப்பாவைத் திருப்பிப் பார்க்காமல் இருக்க?

ஆரஞ்சை நிறுத்திய அடுத்த மாதம் அளவு இறங்கியது. அதற்கடுத்த மாதம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. டாக்டர் சந்தோஷமாகப் பேசினார்.

"பாத்தீங்களா? கண்ட்ரோல் பண்ணினா வருது."

நடந்ததைச் சொன்னேன். "சரி விடுங்கம்மா, இப்ப நார்மலாயிடுச்சில்ல" என்றார்.

"விட மாட்டேன் டாக்டர். எம் புள்ள திருடித் திங்கிறான்னு சொன்னீங்க. நானும் அத நம்பி அடிச்சேன். நான் மன்னிப்புக் கேட்டுட்டேன். இப்ப நீங்க அவகிட்டப் பேசுங்க. அவ திருடலன்னு உங்க வாயால சொல்லுங்க."

"பாப்பாகிட்டயா?"

"ஆமா. பக்கத்துலதான் இருக்கா."

போனை அவள் காதில் வைத்தேன். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் முகத்தைச் சுளித்துக் கவனமாகக் கேட்டாள். இரண்டு தடவை தலையாட்டினாள், அவர் கண்ணுக்குத் தெரியும் என்பது போல. பிறகு, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாள்.

போனை என் கையில் கொடுத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் விளையாட ஓடிவிட்டாள்.