கடைசிப் பாட்டுக்கு முன்னால் எழுந்து வந்தது

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பாம்பனில் ஒரு கருவாட்டுக் கிட்டங்கியில் மூட்டை கட்டும் வேலை. என் தங்கை படித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு வலது கால் சூம்பிப்போனது. கோல் ஊன்றித்தான் நடப்பாள்.

அந்த நாளில் சிறுவர் பத்திரிகை ஒன்று வாராவாரம் ரயிலில் வரும். அதில் ஒரு தொடர்கதை. கால் ஊனமான பெண் ஒருத்தி, காணாமல்போன தகப்பனைத் தேடித் தனியாகப் படகேறித் தீவு தீவாகப் போகிறாள். கடைசி வாரத்தில் ஒரு முனிவர் வந்து, காலைச் சரியாக்கித் தருகிறேன் என்கிறார். கால் கிடக்கட்டும், அப்பாவைக் காட்டுங்கள் என்கிறாள் அவள். அந்த இடத்தை என் தங்கை எனக்கு எத்தனை தடவை வாசித்துக் காட்டியிருப்பாள் என்று சொல்ல முடியாது. கிழித்துச் சேர்த்து வைத்த தாள்களைக் கிட்டங்கியில் கோணி ஊசியும் சணலும் கொண்டு நான்தான் புத்தகமாகத் தைத்துக் கொடுத்தேன். கருவாட்டு வாடை அடிக்கும். அப்படியும் தெருப் பிள்ளைகள் எல்லாரும் வாங்கிப் படித்தார்கள்.

அந்தக் கதையைப் படமாக எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் எங்கள் வாசலில் தினமும் அதே பேச்சு. படகுக்குக் கதையில் உள்ளபடி சிவப்புப் பாய் இருக்குமா, பேசுகிற ஆமையை எப்படிக் காட்டுவார்கள் என்று.

“அந்த நடிகைக்கு எங்க ஆத்தா வயசு இருக்கும்டி. அவ போயி பன்னெண்டு வயசுப் புள்ளையா நடிக்கப்போறா,” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

“அப்ப ஆமைக்கு உங்க அய்யாவைக் கூப்பிட்டுருவாங்க,” என்றாள் என் தங்கை.

எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. சினிமாவில் கடைசிக்குள் எல்லாவற்றையும் சரியாக்கிவிடுவார்கள். கண் தெரியாதவருக்குக் கண் வந்துவிடும். இந்தப் பெண்ணுக்கும் காலைக் கொடுத்துவிட்டால் என் தங்கை என்ன நினைப்பாள்? கால் வந்தால்தான் கதை நல்லபடியாக முடியும் என்று ஆகிவிடுமே. இதை யாரிடமும் சொல்லவில்லை.

படம் இராமநாதபுரத்துக்கு வந்தது. அங்கே போய்வருகிற ஒருவரிடம் சொல்லி அதன் பாட்டுப் புத்தகத்தை முன்கூட்டியே வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தேன். கதைச் சுருக்கம் பாதியில் நின்று, மீதியைத் திரையில் காண்க என்று முடிந்திருந்தது. கடைசிப் பாட்டின் தலையில் ‘கதாநாயகி ஆடிப் பாடுவது’ என்று போட்டிருந்தார்கள். ஆடுகிறாள் என்றால் கால் சரியாகிவிட்டது, வேறென்ன? புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இரண்டு மாதமாகக் காத்திருக்கிறவளிடம் போகவேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குப் போனோம். படகு வந்தது. கறுப்பு வெள்ளைப் படம்.

“பாயி சிவப்புத்தாண்ணே,” என்றாள் தங்கை, பார்வையை எடுக்காமல்.

எனக்குப் படத்தில் மனம் நிற்கவில்லை. முனிவர் தாடியோடு வந்ததும் எழுந்துவிட்டேன்.

“எந்திரி தாயி, ரயிலுக்கு நேரமாச்சு.”

“படம் முடியலயேண்ணே.”

“உன் காலை வச்சுக்கிட்டு ஸ்டேசன் போய்ச் சேர எம்புட்டு நேரமாகும்? வா.”

அவள் கோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஸ்டேஷன் வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தாள். அங்கே போய்க் கடிகாரத்தைப் பார்த்தால் ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. வியர்வையைத் துடைக்கப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தபோது பாட்டுப் புத்தகமும் கூடவே வந்து விழுந்தது. தங்கை அதை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள்.

“இதைப் பாத்துட்டுத்தான் கூட்டியாந்தியா?”

“கடைசியில ஆடுறா தாயி. காலைச் சரியாக்கிட்டாங்க. நீ பாத்தா மனசு சங்கடப்படுவன்னு…”

“காலு சரியாயிருச்சுன்னு இதுல எங்கன போட்டுருக்கு?”

“ஆடுறான்னு போட்டுருக்குல்ல.”

“கோலை ஊனிக்கிட்டு ஆடக்கூடாதா? மொளைப்பாரிக்கு நான் கும்மி அடிக்கல?”

அடித்திருக்கிறாள். வருஷாவருஷம் முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி அடிக்கும் பெண்களோடு இவளும் கோலோடு சுற்றி வருவாள். நானும் நின்று பார்த்திருக்கிறேன். பாட்டுப் புத்தகத்தைப் படித்தபோது அது என் நினைவுக்கே வரவில்லை.

அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தோம். அதற்குள் தியேட்டரிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள். கிட்டங்கியில் என்னோடு மூட்டை தைக்கிறவர் படத்தை முழுக்கப் பார்த்தவர். அவரிடம் முடிவைக் கேட்டேன்.

“முனிவர் கேட்டதுக்கு அந்தப் புள்ள காலு வேண்டாம்னுருச்சு. அப்பன் வந்துட்டான்ல, அந்தச் சந்தோசத்துல கோலோடதான் ஆடுச்சு தம்பி,” என்றார்.

மூன்று நாள் இதைத் தங்கையிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னபோது அவள் கோபப்படவில்லை.

“எப்படி ஆடுனா? கோலைக் கையில புடிச்சிருந்தாளா, கக்கத்துல வச்சிருந்தாளா?” என்று கேட்டாள்.

மறுநாள் திரும்பவும் அவரிடம் போய்க் கேட்டேன். அதையெல்லாம் யாரு தம்பி கவனிச்சா என்றார். வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னேன்.

“நான் கவனிச்சிருப்பேன்,” என்றாள்.