ஒன்றரை ஆள்

என் அக்கா வீட்டுக்காரரை அவரோடு வேலை செய்கிறவர்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஒன்றரை ஆள்' என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். எனக்கு அவர் மாமா. தொழில், லிஃப்ட் மெக்கானிக்.

அந்தப் பெயர் வந்த கதை இதுதான். ஒரு புதுக் கட்டடத்தில் லிஃப்டைப் பாரம் ஏற்றிச் சோதிக்க வேண்டியிருந்தது. வழக்கமாக இரும்புக் கட்டிகளை அடுக்குவார்கள். அன்று கட்டிகள் வந்து சேரவில்லை. ஆறு பேர் போகிற லிஃப்ட்தானே, ஆறு பேர் ஏறி நில்லுங்கள் என்றார் மேற்பார்வையாளர். ஏறினார்கள். லிஃப்ட் 'கீ கீ' என்று அலறியது, கதவு மூட மாட்டேன் என்றது. மாமா இறங்கினார், சத்தம் நின்றது. மறுபடி ஏறினார், மறுபடி அலறியது. உள்ளே இருந்த தகட்டில் 'ஆறு பேர், 408 கிலோ' என்று பொறித்திருந்தது. யாரோ ஒருவர் வகுத்துப் பார்த்து, ஆளுக்கு அறுபத்தெட்டு என்றார். மாமா அப்போது தொண்ணூற்றெட்டு கிலோ. கிட்டத்தட்ட ஒன்றரை ஆள். அன்றைக்கு ஒட்டிய பெயர் ஒட்டியதுதான்.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, யார் ஒன்று கொடுப்பது என்ற பேச்சு வந்தது. முதலில் கை தூக்கியவன் நான். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு எனக்கு, ஐம்பத்தேழு கிலோ. எனக்கு என்ன நோய் இருக்கப்போகிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறது, நீங்கள் கொடுக்க முடியாது என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். மாமாவுக்கு ரத்தம் பொருந்தியது, எல்லாம் பொருந்தியது. உடம்பு மட்டும்தான் கூடுதல். "எடையைக் குறைச்சிட்டு வாங்க" என்றார் டாக்டர். ஏதோ காகிதத்தில் எழுதிக் கோப்பில் செருகினார். அதற்குள் அவருக்குப் போன் வந்தது, எழுந்து போய்விட்டார். எத்தனை கிலோ என்று மாமா கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் சர்க்கரையை நினைத்து மருகிக்கொண்டிருந்த நானும் கேட்கவில்லை.

மாமாவுக்குக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒரு ஆள் என்றால் எத்தனை கிலோ என்பதைத்தான் அவர் இருபது வருடமாகத் தினமும் தகட்டில் பார்க்கிறாரே.

"அறுபத்தெட்டு, மாப்ளே. முப்பது கிலோ எறக்கணும்" என்றார் திரும்பி வரும்போது.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வருடம் தவறாமல் ஏழாம் வகுப்புக்குச் சராசரி பாடம் நடத்துகிறவன். அப்படிப்பட்ட நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டம் போட்ட தாளை வாங்கி வந்து, அறுபத்தெட்டில் சிவப்புக் கோடு இழுத்து, அவர்கள் வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிக் கொடுத்தேன். மேலே 'ஒரு ஆள்' என்று அழகாக எழுதவும் செய்தேன். இதை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

அவர்கள் வீடு மூன்றாம் மாடியில். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவருக்கு வாய்த்த வீட்டில் லிஃப்ட் கிடையாது. நாற்பத்திரண்டு படி. அக்காவுக்கு மூச்சு வாங்கும் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு முக்காலி போட்டுச் சுவரோடு சங்கிலியால் கட்டி வைத்திருந்தார் மாமா. வாரத்தில் இரண்டு நாள், தெருமுனையில் உள்ள டயாலிசிஸ் மையத்துக்கு அக்கா போய் வருவாள். அங்கே போனதும் எடை பார்ப்பார்கள், முடிந்ததும் எடை பார்ப்பார்கள். நடுவில் குடித்த தண்ணீரெல்லாம் உடம்பில் பாரமாக நிற்கும். அதனால் ஒரு நாளைக்கு நான்கு சின்ன டம்ளர், அதற்கு மேல் ஒரு வாய் கூடக் கூடாது. வெயில் காலத்தில் அவள் ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், நான் கையில் எடுத்த சொம்பைக் கீழே வைத்துவிடுவேன்.

ஒரே வீட்டில் ஒருத்தி தண்ணீரை அளந்தாள், ஒருவர் சாப்பாட்டை அளந்தார். மாமா பிடித்தால் உடும்புப் பிடி. காலையில் ஒரு முட்டை. மதியம் வெள்ளரிக்காய். சாயங்காலம் டீயில் சர்க்கரை இல்லை, பிறகு பால் இல்லை, பிறகு டீயே இல்லை. மாதாமாதம் புள்ளி வைத்துக் கோடு இழுத்தோம். ஐந்தாம் மாதம் எண்பத்தாறுக்கு வந்தது. வேலையிடத்தில் "ஒண்ணேகால் ஆயிட்டீங்களே" என்றார்களாம். ஒருவரும் அவரை உண்மையாகக் கேலி செய்யவில்லை. எதற்காகக் குறைக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும்.

எண்பத்தாறுக்குப் பிறகு முள் நகர மாட்டேன் என்றது. மாமாவும் விடவில்லை. முட்டையை நிறுத்தினார். பதினான்கு மாடிக் கட்டடத்திலும் படி ஏறியே வேலைக்குப் போனார். ஒன்பதாம் மாதம் எழுபத்தேழு. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன மாதிரி இருந்தார். சட்டை தோளில் நிற்கவில்லை. அக்கா இரண்டு பங்கு வைத்தால் ஒன்றை நைசாக எடுத்து மறுபடி பாத்திரத்தில் போட்டுவிடுவார். "இன்னும் ஒன்பதுதான் மாப்ளே" என்பார் என்னிடம். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது, நான் கொடுக்க முடியாததை ஒருவர் இத்தனை பாடுபட்டுக் கொடுக்கிறார் என்று.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போன் வந்தது. மாமாவோடு வேலை செய்கிறவர் பேசினார். லிஃப்ட் கூண்டின் மேல் நின்று கம்பிக்கயிற்றுக்கு எண்ணெய் போடும்போது மாமாவுக்குக் கை நடுங்கியதாம், ஸ்பேனர் நழுவிக் குழிக்குள் விழுந்ததாம். இருபது வருடத்தில் அவர் கையிலிருந்து ஒரு திருகாணி விழுந்து பார்த்ததில்லை என்றார் அந்த மனிதர். ஸ்பேனருக்குப் பதில் ஆள் விழுந்திருந்தால்? மறுநாளே மாமாவை, எடையைக் குறைக்கச் சொன்ன அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே உணவு ஆலோசனை சொல்கிற அம்மா ஒருவர் இருந்தார். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தார். மாமாவின் கோப்பைப் புரட்டினார், ஒரு காகிதத்தில் நின்றார், எடை பார்க்கச் சொன்னார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"எண்பத்தாறுக்கு வந்தா போதும்னு எழுதியிருக்கே. நீங்க எப்பவோ வந்திருக்கலாமே" என்றார்.

மாமா ஒன்றும் புரியாதவர் போல என்னைப் பார்த்தார். அறுபத்தெட்டு என்று யார் சொன்னது என்று அந்த அம்மா கேட்டார். மாமா லிஃப்ட் தகட்டைப் பற்றிச் சொன்னார். எனக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

"லிஃப்டுல குழந்தை ஏறும், ஒல்லியா இருக்கறவங்க ஏறுவாங்க, குண்டா இருக்கறவங்க ஏறுவாங்க. எல்லாரையும் சேர்த்து வகுத்து வச்ச எண் அது. அது யாரோட எடையும் இல்ல, சார்" என்றார்.

நான் வருடா வருடம் பலகையில் எழுதுகிற பாடம் அது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

அதோடு முடியவில்லை. பட்டினி கிடந்ததில் மாமாவுக்கு ரத்தம் குறைந்திருந்தது. இந்த நிலையில் அறுவைச் சிகிச்சை கிடையாது. ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தம் ஏறி, எடை ஒரே இடத்தில் மூன்று மாதம் நிற்க வேண்டும். சாப்பிட ஆரம்பித்தால் கொஞ்சம் கூடும், அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம் என்றார் அந்த அம்மா. கொடுத்த பிறகு ஒரு சிறுநீரகத்தோடு காலம் பூரா இருக்கப்போகிறவர், அதனால் அவருக்கு வேண்டியது தொட்டுவிட்டு ஓடிவருகிற எண் இல்லை, குடியிருக்கிற எண். "மூணு வேளையும் சாப்பிட்டு, உங்க வேலையைப் பார்த்துக்கிட்டு, எந்த எடையில உங்களால சும்மா இருக்க முடியும்? வீட்டுல யோசிச்சுட்டு அடுத்த வாரம் சொல்லுங்க."

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். மாமா விரல் விட்டு ஏதோ எண்ணினார். எண்பத்தாறைத் தொட்டதிலிருந்து நான்கு மாதம், வாரத்துக்கு இரண்டு. "முப்பத்திநாலு தடவை மாப்ளே. ஒவ்வொரு தடவையும் ரெண்டு ஊசி" என்றார். பிறகு அழுதார். தேற்றுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. நானும் சேர்ந்து அழுதேன். பேருந்து வந்தது, போனது.

அக்காவிடம் சொல்ல வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. படியேறிப் போய், செருப்பைக் கழற்றினதும் கழற்றாததுமாகச் சொல்லிவிட்டார். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார், முப்பத்திநாலு வரைக்கும். அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். ஊசி ஏறி ஏறிப் புடைத்துப்போன இடது கை நரம்பைக் கட்டைவிரலால் தடவினாள்.

"கோவம் வரலன்னு நெனைக்காதீங்க. வருது" என்றாள். "முப்பத்திநாலு தடவையும் உங்களுக்குத் தெரியாம நான் அழுதிருக்கேன். ஆனா நீங்க தட்டுல இருந்து எடுத்துப் போட்டதையும் நான்தான் பார்த்தேன். ரெண்டையும் சேர்த்து நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?"

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே அளவு வைக்கறதா இருந்தா என்கிட்ட கேட்டுட்டு வைங்க. தகடு கிட்டயும் வேண்டாம், வாத்தியார் கிட்டயும் வேண்டாம்" என்றாள். வாத்தியார் என்றபோது என்னை ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதில் நான் அவள் பென்சிலை உடைத்தபோது பார்த்த அதே பார்வை.

பிறகு உள்ளே போய், பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். பொத்தான்கள், ரசீதுகள், சாவிகள். அதற்குள்ளிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தாள். ரயில் நிலையத்தில் காசு போட்டால் எடை அச்சடித்துக் கொடுக்குமே, அந்த அட்டை. கல்யாணமான புதிதில் இருவரும் எங்கோ போகிறபோது, கையில் ஒரே ஒரு நாணயம்தான் இருந்ததாம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சேர்ந்தே மேடை மேல் ஏறி நின்றார்களாம். அட்டையில் 130 என்று மங்கலாகத் தெரிந்தது. மறுபக்கத்தில் 'நினைத்தது நடக்கும்' என்று ஒரு ஜோசியம்.

"அப்ப நான் நாப்பத்தெட்டு. நீங்க எம்பத்திரெண்டு" என்றாள் அக்கா.

"நீ ஐம்பது இருந்திருப்ப" என்றார் மாமா, தரையிலிருந்தபடியே.

"நாப்பத்தெட்டு. அதுக்கப்புறம் பத்து வருஷம் நீங்க எம்பத்திரெண்டுலதான் இருந்தீங்க. யாரும் உங்களைப் பட்டினி போடல. நல்லா சாப்பிட்டீங்க, மொட்டை மாடி லிஃப்ட் மெஷின் ரூமுக்கு ஏறி எறங்கினீங்க, சட்டை சரியா இருந்துச்சு. நான் படுத்ததுக்கு அப்புறம் ராத்திரி பகல் பார்க்காம கடையில தின்னுதான் தொண்ணூத்தெட்டுக்குப் போனீங்க. எம்பத்திரெண்டுதான் உங்க எடை."

அலமாரியைத் திறந்து, என் சிவப்புக் கோட்டுக்கு மேலே, எண்பத்திரண்டில், தையல் சாக்கட்டியால் தாள் தாண்டிக் கதவு மரம் வரைக்கும் ஒரு கோடு இழுத்தாள். கோணல் கோடு. அளவுகோலை எடுக்கப் போன கையை நான் இழுத்துக்கொண்டேன்.

ஆலோசனை அம்மாவும் அந்த எண்ணுக்குச் சரி என்றார். அன்றிலிருந்து மாமா சாப்பிட்டார். முதல் வாரம் ஒவ்வொரு கவளத்துக்கும் பயந்தார். முட்டை வந்தது, ரொட்டி வந்தது, பால் ஊற்றின டீ வந்தது. எழுபத்தேழு எண்பதானது, எண்பத்திரண்டில் போய் நின்றது. மூன்று மாதம் நின்றது. அந்த மூன்று மாதமும் அக்கா வாரம் இரண்டு முறை படியிறங்கிப் போய் ஊசி குத்திக்கொண்டு வந்தாள். ஒரு நாள் கூட மாமாவைக் குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அறுவைச் சிகிச்சை அன்று ஏழு மணி நேரம் நான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் லிஃப்ட். பதினைந்து பேர், 1020 கிலோ. வேறு வேலை இல்லாததால் மறுபடி மறுபடி வகுத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்து டாக்டர் வந்து, இருவரும் நன்றாக இருக்கிறார்கள், அவருடையது இவருக்குள் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்றார். எனக்கு அவர் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, கையைத்தான் பிடிக்க முடிந்தது.

ஆறாவது வாரம் இரண்டு பேரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். எடை மெஷினில் முதலில் மாமாவை ஏறச் சொன்னாள் நர்ஸ். அவர் ஏறினார், பின்னாலேயே அக்காவும் ஏறிவிட்டாள். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவராகத்தான் ஏற வேண்டும் என்று நர்ஸ் கத்தினாள். யார் கேட்டார்கள்? மாமாவுக்குள் இருந்ததில் ஒரு துண்டு இப்போது அக்காவுக்குள் இருந்தது, சேர்ந்து நின்றால் மெஷினுக்கு அது தெரியப்போவதில்லை. மூன்று பேரும் எண்ணைப் பார்த்தோம். 124.

"ஆறு குறையுதே" என்றார் மாமா. அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பயம் வந்துவிட்டது.

"அது என்னோட ஆறு. நீங்க உங்க இடத்துலயே நில்லுங்க, நான் ஏறி வர்றேன்" என்றாள் அக்கா.

இறங்கினதும் தாகமாக இருக்கிறது என்றாள். நான் மூலையில் குழாய் வைத்த தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்திலிருந்த பெரிய டம்ளரை எடுத்து, பழக்க தோஷத்தில் கால்வாசி பிடித்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கவில்லை. "முழுசா பிடிடா" என்றாள். விளிம்பு வரை பிடித்துக் கொடுத்தேன். நடுவில் எங்கேயும் நிறுத்தாமல் குடித்தாள், கழுத்து வழியாகக் கொஞ்சம் வழிந்தது. மாமா அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னொண்ணு" என்று டம்ளரை நீட்டினாள்.