பதினான்கு பீச் செடிகளுக்காக ஹனோவர் போய் வந்தது

தோட்டத்து வேலிக்கு மேப்பிள் வைப்பதா, பீச் வைப்பதா என்று கேட்டுப் போன வாரம் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பழம் தரும் பீச் அல்ல, ஐரோப்பியக் காட்டு மரமான பீச். நேரே பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதிலைத் தெரிந்துகொள்ள நான் ஒரே நாளில் ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் ரயிலில் இருந்தேன். இப்போது நினைத்தாலும் முதுகு வலிக்கிறது. ஆகவே நீங்களும் அந்த ரயிலில் கொஞ்சம் ஏறத்தான் வேண்டும்.

1997 மார்ச் மாதத்தின் முதல் சனிக்கிழமை. அப்போது ஜெர்மனியின் வுப்பர்டாலில் லின்ட்னர் என்ற அம்மாவின் வீட்டு மேல்மாடியில், ஒற்றை அறையில் இருந்தேன். ஓர் உணவகத்தின் குசினியில் வேலை. மனைவி கொழும்பில் நான்கு வருடமாக விசாவுக்குக் காத்திருந்தாள். அவளைக் கூப்பிடுவதென்றால் இரண்டு பேருக்குப் போதுமான வீடு இருக்கிறது என்று வெளிநாட்டார் அலுவலகத்தில் வாடகை ஒப்பந்தம் காட்ட வேண்டும். கீழ்த்தளத்து இரண்டறை வீட்டைத் தருவதாக லின்ட்னர் அம்மா சொல்லியிருந்தார். குளிர்காலத்தை மகள் வீட்டில் கழித்துவிட்டு மார்ச் நடுவில் வந்ததும் கையெழுத்து வைப்பதாகப் பேச்சு. அலுவலகத்தில் எனக்கு 24ஆம் திகதி டெர்மின், அதாவது வரச்சொல்லிக் குறித்த நேரம். அதுவரை அவருடைய தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அங்கேதான் என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். தோட்டத்தின் ஒரு பக்கம் பழைய மேப்பிள் வேலி. தெருப்பக்கம் அவர் நவம்பரில் புதிதாக நட்ட பதினான்கு பீச் கன்றுகள். மேப்பிள் இலை முழுவதையும் ஒழுங்காகக் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றது. பீச்சில் மட்டும் ஒவ்வொரு இலையும் காய்ந்து, சுருண்டு, கொப்பிலேயே ஒட்டிக்கொண்டு காற்றுக்குச் சரசரத்தது. யாழ்ப்பாணத்தில் கதியால், அதாவது துளிர்க்கும் பச்சைத் தடி, போட்டு வேலி அடைத்த எவனைக் கேட்டாலும் சொல்வான்: துளிர்த்த இலை தடியிலேயே காய்ந்து நின்றால் அந்தக் கதியால் பட்டுப்போய்விட்டது, பிடுங்கிவிட்டு வேறு போட வேண்டும். ஜனவரிக் கடைசியில், நிலம் இளகிய ஒரு நாளில், பதினான்கையும் பிடுங்கி முறித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அந்த அம்மா வருவதற்குள் அதே உயரத்தில் புதுக்கன்று வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது திட்டம்.

வுப்பர்டாலில் செடி விற்கவில்லையா என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டார் பார்த்துவிடுவார்கள் என்ற பயம்தான். ஹனோவருக்கு வெளியே ஒரு நாற்றுப் பண்ணையில் எங்கள் ஊர்ச் சிவம் அண்ணை வேலை செய்தார். “வா, சனிக்கிழமை ஒரு மணி வரைக்கும் திறந்திருக்கும்” என்று போனில் சொல்லியிருந்தார்.

காலை 5.12க்கு வுப்பர்டாலில் ஏறினேன். வார இறுதி டிக்கெட் 35 மார்க். விரைவு ரயிலில் செல்லாது, ஆகவே ஹம்மில் ஒன்று, மின்டனில் ஒன்று என்று மாறி மாறிப் போக வேண்டும். முதல் நாள் முழுக்கக் குசினியில் நின்ற கால் வீங்கியிருந்தது. ஹம்மில் நாற்பது நிமிடம் குளிரில் நின்றேன். தூங்கினால் இறங்க மறந்துவிடுவேன் என்று தூங்கவும் இல்லை. ஹனோவரில் இறங்கும்போது 9.50. பிறகு பஸ், இருபது கிலோமீட்டர், 4 மார்க் 20. எங்கே இறங்குவது என்று சாரதியிடம் கேட்டேன். “பனி மூடின வயல்தான் இருக்கிறது, எங்கே இறங்கினாலும் ஒன்றுதான்” என்றார். நல்ல மனிதர், சரியான இடத்தில் இறக்கிவிட்டார்.

பண்ணைக்குள் காலை வைத்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை வரிசையாகப் பீச். எல்லாவற்றிலும் அதே காய்ந்த மண்ணிற இலை.

“அண்ணை, இதெல்லாம் செத்துப்போச்சே?”

சிவம் அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு ஒரு கன்றின் பட்டையை நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சை.

“உயிரோடதான் நிக்குது. பீச் மாரியில இலையை விடாது, புது இலை வரேக்கைதான் பழசை விடும். அதுக்காகத்தான் சனம் அதை வேலிக்கு வைக்குது. நீ எத்தினையைப் பிடுங்கினனி?”

“பதினாலும்.”

“ஒண்டையாவது சுரண்டிப் பாத்தனியோ?”

இல்லையென்று தலையாட்டினேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உயிரோடு நின்ற பதினான்கை என் கையால் முறித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

“பேசாமல் மேப்பிளை வைச்சுவிட ஏலாதோ அண்ணை? விலையும் குறைவாக் கிடக்கு.”

“வைக்கலாம். ஃபெல்ட் ஆஹோர்ன் எண்டு கேட்டு வாங்கோணும், அதுதான் வேலிக்குத் தோதான மேப்பிள். எந்த மண்ணிலயும் நிக்கும், கெதியா வளரும், வெய்யில் தாங்கும். ஆனா மாரியில ரோட்டால போறவன் உங்கட குசினியை எட்டிப் பாப்பான். அந்த மனுசி பீச் வைச்சது தெரியாமலோ? பீச்சையே கொண்டு போ.”

மேப்பிள் கன்று 1 மார்க் 90, பீச் 3 மார்க் 20. பதினான்கு பீச்சையும் வேரோடு ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டித் தந்தார். 12.20க்கு பஸ். திரும்பும் வழியெல்லாம் சாக்குத் தண்ணீர் என் காற்சட்டையில் சொட்டியது. மின்டனில் ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனாள். ஆறு மணிக்குக் கொஞ்சம் பிந்தி, நடக்கவே முடியாமல் வீட்டு வாசலுக்கு வந்தேன்.

லின்ட்னர் அம்மா தெருப்பக்கத்து வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு கிழமை முந்தி வந்துவிட்டார். என் தோளில் சாக்கு. எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

“செத்துவிட்டது என்று நினைத்தால் எனக்கு ஏன் போன் எடுக்கவில்லை? மகளின் நம்பரைத் தந்துவிட்டுத்தானே போனேன்.”

“நீங்கள் வருவதற்குள் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன்.”

“அதுதான் எனக்குப் பயம். நாளைக்குத் தண்ணீர்க் குழாய் வெடித்தாலும் இப்படித்தான் ஒளிப்பீர்களா? அப்படிப்பட்டவருக்கு எப்படி வீட்டைத் தருவது? யோசிக்க வேண்டும். புதன்கிழமை வாருங்கள்.”

இந்த நாட்டில் எட்டு வருடம் நான் படித்த ஒரே பாடம் அதுதான். பிழை விட்டால் யாராவது பார்ப்பதற்குள் மூடிவிட வேண்டும். பார்த்துவிட்டால் அது ஏதோ ஒரு கோப்பில் ஏறிவிடும். செடிகளை வாளித் தண்ணீரில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே மண்வெட்டி தூக்கக் கூடாது, திங்கள் காலை நட்டேன். புதன் வரைக்கும் கொழும்புக்குப் போன் எடுக்கவில்லை. எடுத்தால் குரலிலேயே அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

புதன்கிழமை ஒப்பந்தம் மேசையில் இருந்தது. அச்சடித்த பக்கத்தின் அடியில் அந்த அம்மா கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: “வீட்டிலோ தோட்டத்திலோ எது செத்தாலும், செத்ததாகத் தோன்றினாலும், வாடகைக்காரர் அன்றைக்கே சொல்ல வேண்டும்.” இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

இனி கேட்டவர்களுக்குப் பதில். குளிர்காலத்திலும் மறைப்பு வேண்டுமென்றால் பீச். மீட்டருக்கு மூன்று கன்று போதும். தண்ணீர் தேங்கும் மண் ஆகாது. முதல் கோடையில் தண்ணீர் விட மறந்தால் உண்மையாகவே சாகும். ஜூன் கடைசியில் ஒரு தடவை கத்தரித்தால் போதும். பொறுமையில்லாதவர்களுக்கும் மோசமான மண் உள்ளவர்களுக்கும் ஃபெல்ட் ஆஹோர்ன். அதைக் குளிர்காலக் கடைசியில் வெட்டாதீர்கள், வெட்டின இடத்தில் சாறு வடிந்துகொண்டே இருக்கும். சின்னத் தோட்டத்தில் இரண்டையும் தனிமரமாக வளர விடாதீர்கள். பீச்சின் அடியில் புல்லும் முளைக்காது. வேரோடு வாங்குவதென்றால் மார்ச்சுக்குள் வாங்கி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து நடுங்கள். முடிந்தால் உங்கள் ஊரிலேயே வாங்குங்கள்.

மனைவி ஜூலையில் வந்து சேர்ந்தாள். வந்த இரண்டாம் நாள் ஒப்பந்தத்தை எடுத்துத் தந்து, “என்ன எழுதிக்கிடக்கு, வாசிச்சுக் காட்டுங்கோ” என்றாள். வாடகை, கதவுத் திறப்பு எத்தனை, படிக்கட்டு கூட்டும் முறை எல்லாம் தமிழில் சொன்னேன். “அடியில கையால என்னவோ எழுதியிருக்கே?” என்று கேட்டாள்.

“அது ஒண்டுமில்லை, திகதி” என்றேன்.