பிரேக் அக்காவின் காரட் வைத்தியம்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பெயர் பிரேக் அக்கா. கற்றுக்கொள்ள வருபவர் கையில் ஸ்டியரிங் இருக்கும். பக்கத்து இருக்கையில் இவள் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். அதை மிதித்து மிதித்தே சம்பாதித்த பெயர் அது. எதிரே லாரி வந்தாலும் கண் இமைக்கமாட்டாள். ஓடும் வண்டியில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டவர்களைக்கூடப் பத்திரமாக வீடு சேர்த்திருக்கிறாள்.

அப்பேர்ப்பட்டவளையே ஒருநாள் பயம் பிடித்துக்கொண்டது. பள்ளி அலுவலகத்தில் போன் எடுக்கும் அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். அந்த அம்மா அறுவைச் சிகிச்சை முடிந்து தேறி வந்ததும் முதல் வேலையாக இவளைப் பிடித்துக்கொண்டார்.

"நீயும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாத்துடும்மா."

"பாக்கலாம், பாக்கலாம்" என்று நழுவியவள், வீட்டுக்குப் போய்ப் போனைத் துழாவினாள். காயும் பழமும் நிறையச் சாப்பிட்டால் இந்த நோய் வரும் வாய்ப்புக் குறையலாம் என்று ஒரு கட்டுரை சொன்னது. அதற்குக் கீழே பரிசோதனை, தடுப்பூசி என்று இன்னும் என்னென்னவோ எழுதியிருந்தது. அவள் அவ்வளவு தூரம் கீழே இறங்கவில்லை. மேலேயே வழி கிடைத்துவிட்டதே!

மறுநாளிலிருந்து அடுப்படியில் அவள் ஆட்சிதான். காலையில் காரட் சாறு, மதியம் பரங்கிக்காய், சாயங்காலம் பப்பாளி, இடையில் கடித்துக்கொள்ளக் கைப்பையில் மறுபடி காரட். குழாய் ரிப்பேர் வேலைக்குப் போய்விட்டு அலுத்துக் களைத்து வந்த கணவன் தட்டைப் பார்த்தான்; மனைவியைப் பார்த்தான்.

"நான் என்ன முயலா?"

"உடம்புக்கு நல்லது. பேசாம சாப்பிடுங்க."

"பேச எங்க முடியுது? தாடை வலிக்குது."

மகளோ தன் பங்கை அப்பா தட்டில் தள்ளிவிட்டு நல்ல பிள்ளையாக எழுந்து போனாள்.

அந்தச் சமயத்தில் பெண்கள் மருத்துவமனை நர்ஸ் ஒருத்தி வண்டி பழக வந்துகொண்டிருந்தாள். சந்துகளில் ராணி மாதிரி ஓட்டுவாள். பெரிய சாலை கண்ணில் பட்டால் போதும், "இன்னைக்கு வேணாம்க்கா" என்று கெஞ்ச ஆரம்பித்துவிடுவாள். ஒருநாள் ஸ்டியரிங்கைத் திருத்திவிட நீண்ட அக்காவின் கையைப் பார்த்ததும் நர்ஸ் சாலையை மறந்தாள்.

"அக்கா, உள்ளங்கை ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?"

அக்காவுக்குப் பகீரென்றது. "ஐயோ, காமாலையா சிஸ்டர்?"

"கண்ணக் காட்டுங்க. கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு. காரட் நிறைய சாப்பிடுறீங்களா?"

மென்றுகொண்டிருந்ததை அக்கா அவசரமாக விழுங்கினாள். பிறகு ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். நர்ஸ் சிரித்த சிரிப்பில் வண்டி தள்ளாடியது.

"காரட் நிறம் தோல்ல ஏறியிருக்கும். ஆபத்தில்ல, எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம். அது சரி, டெஸ்ட் பண்ணீங்களா?"

பிரேக் விழுந்தது. வண்டி நடுத்தெருவில் நின்றது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரனாலேயே திட்டினார்கள்.

"எனக்கு பயமா இருக்கு சிஸ்டர்."

"எனக்கும்தான் பெரிய ரோடுன்னா பயம். ஒண்ணு பண்ணுவோம். நான் பெரிய ரோட்டு வழியா மருத்துவமனை வரைக்கும் ஓட்டுறேன். நீங்க உள்ள வாங்க."

பேச்சு மாறவில்லை இருவரும். நர்ஸ் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினாள். அக்கா கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனாள். பரிசோதனை மேசையில் படுத்ததும் அவள் வலது கால் தன்பாட்டுக்குக் காற்றை மிதிக்கத் தொடங்கியது.

"எதுக்கும்மா உதைக்கிறீங்க?" என்றார் டாக்டரம்மா.

"நான் இல்ல டாக்டர், பழக்கதோஷம்."

"முடிஞ்சுது, எழுந்திருங்க."

"அவ்வளவுதானா?" என்று கேட்டவளின் குரலில் லேசான ஏமாற்றம்கூட இருந்தது.

முடிவு வந்தது. செல்களில் கோளாறு இல்லை. ஆனால் நோய்க்குக் காரணமாகும் வைரஸ் இருந்தது. அக்காவின் முகம் விழுந்துவிட்டது.

"இத்தனை சாப்பிட்டுமா டாக்டர்?"

"இது நிறையப் பேருக்கு வந்து, தானாவே போயிடும். போகாம தங்கினாத்தான் தொல்லை. காய், பழம் எல்லாம் கலந்து சாப்பிடுங்க, உடம்பு தெம்பா இருக்கும். ஆனா அது போச்சா இருக்கான்னு காரட் சொல்லாது, டெஸ்ட்தான் சொல்லும். அடுத்த வருஷம் கண்டிப்பா வாங்க. ஆமா, வீட்டுல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா?"

அன்று சாயங்காலமே கணவனுக்கு உத்தரவு போனது.

"நான் ஊதுறதுக்கும் உன் கர்ப்பப்பைக்கும் என்னடி சம்பந்தம்?"

"அந்தப் புகையத்தானே நான் மூச்சுல இழுக்கிறேன்? வேணும்னா தெருவுக்குப் போய்ப் பிடிங்க."

அவர்கள் குடியிருந்தது மேல்மாடி. லிப்ட் பாதி நாள் ஓடாது. ஒவ்வொரு சிகரெட்டுக்கும் இறங்கி ஏறி, மேலே வரும்போது நாய் மாதிரி மூச்சு வாங்கி, கடைசியில் மனிதன் கையெடுத்துக் கும்பிட்டு விட்டேவிட்டான். பரங்கிக்காய் இனி எப்போதாவதுதான் என்ற நிபந்தனையை மட்டும் விடவில்லை. அதற்கு அவள் ஒத்துக்கொண்டாள். அவளுக்கும் சலித்துத்தான் போயிருந்தது.

மறுவருடம் யாரும் இழுக்காமல் தானே போனாள். வைரஸ் போய்விட்டது என்றார்கள். சாப்பாடா, சிகரெட் நின்றதா, உடம்பு தானாகத் துரத்தியதா என்று துளைத்தெடுத்தாள். "அதை யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. எப்பப்ப வரச் சொல்றோமோ அப்பப்ப வந்துடுங்க" என்று சிரித்துவிட்டு டாக்டரம்மா அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அப்படியே விட்டுவிடவில்லை அவள். கட்டுரையில் அன்று படிக்காமல் விட்ட மிச்சத்தையும் படித்து, மகளைத் தடுப்பூசிக்காக அந்த நர்ஸின் மருத்துவமனைக்கே கூட்டிப்போனாள். "வலிக்காது கண்ணு, அம்மா இருக்கேன், அம்மா கையப் பிடிச்சுக்கோ" என்று வழியெல்லாம் தைரியம் சொன்னாள். ஊசியைப் போட்டுக்கொண்ட மகள், "ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினாள். அம்மாவைக் காணோம். மயங்கித் தரையில் கிடந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே நர்ஸ் சொன்னாள், "நீங்க எழுந்திருக்காதீங்கக்கா. வீட்டுக்கு நான் ஓட்டுறேன்."