அவர் சொல்லாமல் விட்டது

நான் புலம்பெயர்ந்து வந்த நகரின் ஜான்-டலோன் சந்தையில் என்னோடு காய்கறி விற்றவர், கினியா நாட்டிலிருந்து வந்த நெடிய பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் மேற்கு ஆபிரிக்க இளைஞர்களைக் கூட்டி, பகையை விட்டு ஒருவரையொருவர் மதித்து வாழ்வதுபற்றிக் கதைக்க வைப்பார். பெண்பிள்ளைகள் பேசும்போது யாராவது குறுக்கிட்டால் கையை உயர்த்தித் தடுப்பார்; அந்தப் பிள்ளைகள் முடிக்கும்வரை இறக்கமாட்டார்.

ஒருநாள் நானும் போயிருந்தேன். அவருடைய நாட்டிலேயே வேறோர் இனத்தைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் எழுந்து அவரைப் பார்த்துக் கத்தினான். எல்லோரும் பேசியது பிரெஞ்சில். என் தமிழில் சொல்கிறேன்.

"உங்கட சனம்தான் எங்கட வீட்டை எரிச்சது!"

"ஓம், எரிச்சவை. அது பெரிய அநியாயம். இருந்து முழுக்கச் சொல்லு, தம்பி."

அவன் அழுதழுது சொல்லி முடித்தான்.

அவருடைய சொந்தத் தம்பியைக் கொன்றது அந்த இளைஞனின் இனத்தார். வேலையிடத்தில் ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தார். திரும்பும்போது மெட்ரோவில் கேட்டேன்.

"உங்கட தம்பியின்ர கதையை ஏன் அவனிட்டச் சொல்லேல்லை?"

"அவன் இண்டைக்குத்தான் வாய் திறந்தவன். நானும் சொன்னா, அவன் தன்ர துக்கத்தை விட்டிட்டு என்னோட வாதாடத் தொடங்கிடுவான்."

எங்கள் நாட்டுப் போரில் அண்ணையைப் பறிகொடுத்தவள் நான். அந்த இளைஞனைப்போல என்னாலும் கத்த முடியும். அவரைப்போல இருந்து கேட்க முடியுமா என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.