கட்டை விட்டு வெட்டியவர்

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளுக்காக எங்கள் ஊர் ஏரியில் ஒரு காலத்தில் களிமண் எடுத்தார்கள். குழிகளில் தண்ணீர் தேங்கக்கூடாதென்று ஓடை வரை ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். மண் எடுப்பது நின்ற பிறகும் வாய்க்காலை யாரும் மூடவில்லை. பெய்த மழையெல்லாம் அதன் வழியே வெளியேற, காய்ந்த ஏரியைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது.

அந்த மரத்தை வெட்டி, மண்ணால் மூடி எரிக்கும் மூட்டம் போட்டு, கரி விற்றுத்தான் அம்சவல்லி தன் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். ஏரிக்குக் கீழே அவருக்கு அரைக்காணி நிலம் உண்டு. பாய்ச்சத் தண்ணீரில்லாமல் தரிசாகக் கிடந்தது. "இந்தப் பொகையில இருமிக்கிட்டு கெடக்கறதுக்கு ஒரு போகம் நெல்லு நட்டாப் போதும்" என்பார்.

இந்த ஆண்டு, மரங்களை வேரோடு எடுத்துவிட்டு மழைக்கு முன் வாய்க்காலைக் களிமண்ணால் அடைப்பதென்று ஏரிச் சங்கம் முடிவுசெய்தது. முதல் ஆளாக அரிவாளோடு இறங்கியவர் அம்சவல்லி.

கரி போடுகிறவர்கள் மரத்தை அடியோடு எடுப்பதில்லை. ஒரு சாண் கட்டை விட்டு வெட்டினால்தான் துளிர்த்து அடுத்த வெட்டுக்கு வரும். ஏரி வெட்டவெளியானபோது அம்சவல்லி வெட்டிய கிழக்குப் பாதி முழுக்கச் சாண் உயரக் கட்டைகள் நின்றன. சிலவற்றில் அதற்குள் துளிர்.

சங்கச் செயலாளர் மதிவாணன் வந்து பார்த்தார்.

"வேரோட எடுக்கணும்னு சொன்னேனில்லக்கா?"

"சொன்ன தம்பி. கேட்டுக்கிட்டுத்தான் வெட்டுனேன். கை பழக்கத்துல போயிடுச்சி."

கூட வெட்டிய ஜெயஸ்ரீ சிரித்தாள். "நெல்லு வெளையலன்னா கரிக்கு ஆவட்டும்னு அக்கா வெதக்கட்டை வுட்டு வெச்சிருக்குதுங்க."

அம்சவல்லி சிரிக்கவில்லை. "வாய்க்கால அடைச்சிடு தம்பி. கட்டைங்க தண்ணியிலயே அழுகிடும்."

"கெழக்க மேடுக்கா. மொழங்கால் தண்ணிகூட ஏறாது, துளிர் மேல வந்துடும். அப்புறம் சேத்துல பொக்லைனும் எறங்காது. கட்டைய எடுத்துட்டுத்தான் அடைக்க முடியும்."

"அப்ப இந்த மழ?"

மதிவாணன் பொக்லைனுக்குச் சொல்ல போனை எடுத்தார்.

தெரிந்தே கை ஒன்றைச் செய்துவிட்டால் அதற்கு யார் பொறுப்பு? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கரியை விட மனமில்லாமல்தான் அப்படி வெட்டினீர்களா என்று அம்சவல்லியிடமே கேட்டேன். "அதத்தாங்க நானும் ரோசன பண்றேன்" என்றார். பொய் சொல்லவில்லை என்பதைத் தவிர அதில் பாராட்ட எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து கடப்பாரையோடு தனியாகப் போனார். ஒரு கட்டையைப் பெயர்க்கவே பொழுது சாய்ந்தது. பொக்லைன் வந்து பாதியை எடுப்பதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

ஏரியில் விழுந்த தண்ணீர் திறந்த வாய்க்காலில் கலங்கலாகச் சுழித்து ஓடைக்குப் போனது. கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு பார்த்து நின்ற அம்சவல்லி, நாலு கூடை மண்ணை அள்ளி வாய்க்காலில் கொட்டினார். தண்ணீர் அதையும் கொண்டுபோயிற்று.

மழை விட்டதும், வெட்டிய மரத்தை அடுக்கி மூட்டம் போட்டார்.