சுட்டி அக்காவும் ஒரு வரியும்

பல்கலைக்கழக நூலகத்தில் அவளைச் சுட்டி அக்கா என்பார்கள். சிரிப்பதற்கே யோசிக்கும் அவளுக்கு அந்தப் பேர் சேட்டையால் வந்ததல்ல, வேலையால் வந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆய்விதழ்களைத் தேடிப் பிடித்து, நூலகப் பட்டியலில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் சுட்டி கொடுப்பது அவள் பொறுப்பு. சுட்டியைத் தட்டி இதழ் திறக்காவிட்டால் மாணவர்கள் அவளைத் திட்டுவார்கள். திறந்தால் யாரும் அவளை நினைப்பதில்லை.

இலவசமாக வருவதில் பதரும் கலந்திருக்கும். எழுதியவரிடம் பணம் வாங்கிக்கொண்டு எந்தக் குப்பையையும் வெளியிடும் போலி இதழ்கள் அவை. அவற்றைப் புடைத்தெடுக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. இதழின் ஆசிரியர் குழுவில் பேர் போட்டிருப்பவர்களுக்கு, அவரவர் வேலைபார்க்கும் இடத்துக்கே கடிதம் எழுதிக் கேட்பாள்: நீங்கள் இதில் இருப்பது உண்மையா? பதில் வரும்வரை இதழ் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

அவள் தம்பியின் கட்டுரைகள் வந்த இதழும் அப்படித்தான் நின்றது. அவன் அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவிக்குக் காத்திருந்தான். பட்டியலில் இல்லாத இதழில் வந்த கட்டுரையைப் பதவி உயர்வுக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அவள் கடிதங்களுக்கு ஒரே ஒரு பதில் வந்தது. குழுத் தலைவர் என்று போட்டிருந்தவர், அந்த இதழ் தொடங்கும் முன்பே காலமாகிவிட்டார் என்று அவர் வேலைபார்த்த இடத்திலிருந்து எழுதியிருந்தார்கள்.

தம்பி அவள் மேசைக்கே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“பட்டியல்ல ஒரு வரிதானேக்கா. ஏத்திவிட்டா முடிஞ்சுது.”

“அந்த வரிக்குக் கீழ ‘சரிபார்த்தவர்’னு என் பேரு இருக்குடா.”

“உன் பேரை யாரு பாக்கப்போறா?”

அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. அன்று மாலை அம்மா போனில் அழுதாள். கூடப் பிறந்தவனுக்கே குறுக்கே நிற்கிறாயே, உனக்கு நெஞ்சா கல்லா என்று கேட்டாள். மறுநாள் அவள் அந்த வரியை ஏற்றினாள்.

தம்பி பேராசிரியரானான். விருந்துக்கு வந்தவர்களிடம், எங்கள் அக்கா ஓசிப் பத்திரிகைகளுக்குச் சுட்டி போடுகிறவள் என்று அறிமுகப்படுத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நூலகக் குழுவிலும் அவனுக்கு இடம் கிடைத்தது.

போலி இதழ் கடையைக் கட்டிக்கொண்டு போனது. அதன் இணைய முகவரியை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். ஒருநாள் மாணவர்கள் சுட்டியைத் தட்ட, சூதாட்டத் தளம் திறந்தது. அந்தத் திரையின் படம் போன் போனாகப் பரவியது. நூலகக் குழு விசாரிக்க உட்கார்ந்தது. கேள்வி கேட்டது தம்பி.

“மேடம், சேர்க்கிறதுக்கு முன்னாடி இதைச் சரிபார்த்தீங்களா?”

அவன் வாயிலிருந்து மேடம் என்று அவள் கேட்டதே இல்லை. அவனோ பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வாயைத் திறந்தால் அவன் நாற்காலி ஆடிவிடும்.

“பார்த்தேன் சார். பார்த்துட்டுத்தான் சேர்த்தேன்.”

அது முழு உண்மை. அங்கே ஒருவனுக்கு மட்டும்தான் அது புரிந்தது.

அவளை வாசலில் பைகளை வாங்கி வைக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். இலவச இதழ்களைக் கம்ப்யூட்டரே மொத்தமாக இழுத்துக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று. எவர் இருக்கிறார், எவர் இறந்தார் என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

ஒரு மத்தியானம் தம்பி பையோடு வந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் இல்லை.

“எப்படி இருக்கேக்கா?”

அவள் பையை வாங்கி அலமாரித் தட்டில் வைத்தாள். டோக்கனை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“தொலைச்சுடாதீங்க சார்.”